புது எலக்ட்ரிக் பிரஷ் என்று பழைய பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டார்கள்: 318 வெள்ளி போச்சு

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ யாராவது இந்த வாரம் எலக்ட்ரிக் பிரஷ் வாங்க நினைத்தால், காசு கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்று ராத்திரிதான் கைப்பிடியைத் திறந்து பார்த்தேன். 318 வெள்ளிக்கு வாங்கிய 'புத்தம் புது ஒரிஜினல் செட்' உள்ளே எப்படி இருந்தது என்று சொல்கிறேன். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

வாங்கியது எல்லோரும் வாங்கும் ஓர் இணையச் சந்தையில். பெயர் வேண்டாம். விற்றது கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்குள் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஆள். கைபேசி உறை, சார்ஜர், முடி உலர்த்தி எல்லாம் விற்கிற மாதிரிக் கடை. விளம்பரத்தில் போட்டிருந்தது: ஒரு கைப்பிடி, சார்ஜர் ஸ்டாண்ட், ஆறு பிரஷ் தலை, ஒரு வருட வாரண்டி. ஒரு முறை சார்ஜ் செய்தால் இரண்டு வாரம் தாங்குமாம். 318 வெள்ளி.

இந்த 'இரண்டு வாரம்' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏமாற்றே அங்கேதான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம், நாளைக்கு 4 நிமிடம். 14 நாளுக்கு 56 நிமிடம் ஓட வேண்டும். பெட்டி வந்தது திங்கள் சாயங்காலம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போட்ட பிரஷ்ஷுக்கு முதல் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும், 16 மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அதனால் முழுசாக 24 மணி நேரம் ஸ்டாண்டில் நிறுத்தி, செவ்வாய் இரவுதான் முதலில் ஓட்டியது. வெள்ளி இரவு பல் துலக்கி முடிப்பதற்குள் சத்தம் இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. மொத்தம் ஏழு தடவை, 14 நிமிடம். சொன்னதில் கால்வாசி.

உடனே விற்றவனுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இரண்டே நிமிடத்தில் வந்தது. "அண்ணே, புது பேட்டரி லா, அது பழகணும். முதல் மூணு சார்ஜ் அப்படித்தான் இருக்கும். முழுசா தீர விட்டு முழுசா ஏத்துங்க. கவலயே வேணாம், ஒரு வருஷம் வாரண்டி இருக்கு. நீங்க 'பொருள் கிடைத்தது' பட்டன அமுக்கிட்டா வாரண்டி பதிவாயிடும்."

நம்பினேன். ஏன் நம்பினேன் என்றால் அவன் சொன்னதில் பாதி உண்மை. இந்த வகை பேட்டரி ரொம்ப நாள் அலமாரியில் தூங்கியிருந்தால், இரண்டு மூன்று தடவை முழுசாகத் தீர்த்து ஏற்றிய பிறகுதான் தன் முழுக் கொள்ளளவுக்கு வரும். அது சரிதான். ஆனால் அப்படிக் கூடுவது கொஞ்சம்தான். 14 நிமிடம் ஓடுவது 56 ஆகாது. இது தெரிந்திருந்தும் அந்த 'அண்ணே'வில் விழுந்தது என் புத்தி. ஞாயிற்றுக்கிழமை பட்டனை அமுக்கிவிட்டேன். அமுக்கிய நொடியில் 318 வெள்ளி தளத்தின் கையிலிருந்து அவன் கைக்குப் போய்விட்டது. வாரண்டிக்கும் அந்தப் பட்டனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தந்திரம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். அந்தத் தளத்தில் பொருளைத் திருப்ப 7 நாள்தான். ஒரு சுற்று சார்ஜ் ஏறி இறங்கக் கிட்டத்தட்ட 5 நாள். 'மூணு சார்ஜ் பழகட்டும்' என்றால் 15 நாள். பேட்டரி கெட்டது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியும்போது திருப்பும் காலம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். பட்டனை அமுக்காமல் விட்டிருந்தாலும் அவன் ஜெயித்திருப்பான், கொஞ்சம் தாமதமாக.

இரண்டாம் சுற்றில் 12 நிமிடம். மூன்றாவதில் 10. பழகப் பழகக் குறைகிற பேட்டரி.

அதற்குப் பிறகு வந்த பதில்கள்தான் வயிற்றெரிச்சல். முதலாவது: "நீங்க ஸ்டாண்ட்லயே வெச்சிருப்பீங்க, ஓவர் சார்ஜ் ஆயிருக்கும்." இது சுத்தப் பொய். இந்த ஸ்டாண்டுகள் பிரஷ் எப்போதும் மேலேயே நிற்கட்டும் என்றுதான் செய்யப்படுகின்றன. ஸ்டாண்டுக்குள் ஒரு கம்பிச் சுருள், கைப்பிடியின் அடியில் இன்னொரு சுருள். ஒரு டிரான்ஸ்பார்மரை இரண்டாகப் பிளந்து வைத்த மாதிரி. நடுவில் பிளாஸ்டிக் இருந்தாலும் காந்தப்புலம் தாண்டிப் போகும். போகிற சக்தி ஏறக்குறைய ஒரு வாட்தான், அதனால்தான் அத்தனை மணி நேரம் பிடிக்கிறது. அந்தச் சின்னச் சொட்டில் ஒரு நல்ல பேட்டரி மூன்று வாரத்தில் சாகாது. நிக்கல் பேட்டரியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முழுசாகத் தீர விட்டு ஏற்றினால் போதும். லித்தியம் என்றால் அதுவும் தேவையில்லை.

உண்மையில் சார்ஜ் ஏறாமல் போக வைப்பது வேறு. பிரஷ்ஷிலிருந்து வழியும் பற்பசைத் தண்ணீர் கைப்பிடியின் அடியில் இறங்கிக் காய்ந்து வெள்ளைப் பொருக்காகும். அது கைப்பிடியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிவிட்டாலே இரண்டு சுருளுக்கும் நடுவே தூரம் கூடிவிடும். விளக்கு எரியும், சார்ஜ் சரியாக ஏறாது. ஸ்டாண்டின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதையெல்லாம் துடைத்து, படம் எடுத்து அனுப்பியாயிற்று. படத்தைப் பார்த்தான். பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து வந்தது இரண்டாவது பதில்: "ஸ்டாண்ட்தான் பிரச்சன அண்ணே. புதுசு அனுப்புறேன், 25 வெள்ளி மட்டும் கட்டுங்க." கட்டினேன். ஆமாம், கட்டினேன். திட்டுபவர்கள் தாராளமாகத் திட்டலாம். 318 போய் 343 ஆனது.

வந்த ஸ்டாண்டைத் திருப்பி அடியைப் பார்த்தால் 110–130 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230, 240 வோல்ட். அமெரிக்கச் சந்தைக்குச் செய்ததை இங்கே செருகினால் உள்ளே இருக்கும் மின்தேக்கி வெடித்துப் புகைந்துவிடும். கூடவே ஒரு அடாப்டர் வைத்திருந்தான், தட்டை இரண்டு ஊசியை நம் மூன்று ஊசி பிளக்குக்கு மாற்ற. மூன்று ஊசி பிளக்குக்குள் போனால் கரண்ட்டும் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அடாப்டர் ஊசியின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது. அந்த அடாப்டரில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரையும் இல்லை, உள்ளே பியூஸும் இல்லை. செருகவில்லை. அப்படியே படம் பிடித்து அனுப்பினேன். "எங்க கஸ்டமர் எல்லாரும் இதத்தான் யூஸ் பண்றாங்க" என்றான். அந்தக் கஸ்டமர்கள் வீடு பற்றாமல் இருக்கட்டும்.

மூன்றாவது பதில்: "தண்ணி உள்ள போயிருக்கு, வாரண்டி செல்லாது." பல் துலக்கும் பிரஷ்ஷுக்குள் தண்ணி போய்விட்டதாம்! பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருக்கிறான். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகக்கூடாது என்று அதற்கு அர்த்தம். குழாயில் கழுவியதற்கே தண்ணீர் போனதென்றால் அது யார் தப்பு?

நான்காவது, கடைக்கு நேரில் கொண்டு வரச் சொன்னான். பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறி நான்கு மணி நேரம் போய்க் காட்ட வேண்டுமாம். கடை எண்ணுக்குப் போன் போட்டால் எடுத்த பெண், "அது ஆன்லைன் பிரிவு சார், எங்களுக்குத் தெரியாது" என்றார். ஆன்லைன் பிரிவின் எண் கேட்டால், ஆப்பில் செய்தி அனுப்புங்கள் என்றார். ஆப்பில் அவன் என்னைத் தடை செய்து வைத்திருந்தான். தளத்தின் உதவி மையத்தில் பேசுவது ரோபோ. 'பரிவர்த்தனை நிறைவடைந்தது, விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்.' மனிதரிடம் பேச வேண்டும் என்று மூன்று தடவை தட்டிய பிறகு ஒரு மனிதர் வந்தார். அவரும் அதே வரியை அப்படியே ஒட்டினார்.

வாரண்டி அட்டையில் இருந்த தொடர் எண்ணும் கைப்பிடியின் அடியில் இருந்த எண்ணும் ஒன்றல்ல. வாரண்டியே இல்லை என்றான பிறகு திறந்தால் என்ன? நேற்று இரவு திறந்தேன்.

அடி மூடியைச் சுற்றி ஏற்கெனவே யாரோ நெம்பிய கீறல். உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஓரிடத்தில் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தது. மூடியைத் திரும்பப் போடும்போது சிக்கியிருக்கிறது, தண்ணீர் புகுந்த வழி அதுதான். பேட்டரியின் முனைகளில் உலோகப் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் அப்படித்தான் செய்வார்கள். இங்கே ஈயத்தை உருக்கி நேரடியாகப் பேட்டரித் தலையில் ஒட்டியிருக்கிறான். அந்தச் சூட்டில் பேட்டரியின் உள் அடைப்பு கெடும், பிறகு கசியும். வெள்ளைப் பூப்பு பூத்திருந்தது.

பேட்டரி ஏஏ அளவு. வெளி உறையில் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சு. கழற்றித் தராசில் வைத்தால் 17 கிராம். உண்மையான 2000க்கு 27, 28 கிராமாவது இருக்கும். 17 கிராம் என்பது சோலார் தோட்ட விளக்கில் போடுகிற 600 வகை எடை. முழு சார்ஜுக்குப் பிறகு ஓய்வில் 1.3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டியது 1.15 காட்டியது, மோட்டாரை ஓட்டினால் 0.8க்கு விழுந்தது. ஆக, யாரோ தூக்கிப் போட்ட கைப்பிடி, தோட்ட விளக்கு பேட்டரி, புதுப் பெட்டி. இதற்கு 318 வெள்ளி. ஸ்டாண்டோடு 343.

பிரஷ் தலைகளும் போலி. தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருப்பது தப்பில்லை, ஒரிஜினலிலேயே சிலவற்றில் உண்டு. ஆனால் மாட்டிய பிறகு பக்கவாட்டில் ஆடக்கூடாது. இது ஆடியது, ஓடும்போது கரகரத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் முடியின் நுனி உருண்டையாக இல்லை, கத்தரித்த மாதிரி தட்டையாகக் கூர்மையாக இருக்கிறது. ஈறு எரிந்ததற்குக் காரணம் புரிந்தது. ஆறு தலையும் குப்பைக்குப் போய்விட்டன.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானது மட்டும்.

இரண்டு வாரம் காத்திருந்து பேட்டரியைச் சோதிக்காதீர்கள். முழு சார்ஜ் ஏறிய மறுநாளே, வாயில் வைக்காமல், இரண்டு நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். நிற்கும்வரை எண்ணிக்கொண்டே வாருங்கள். பல்லில் அழுத்தாமல் ஓட்டும்போது இன்னும் அதிக நேரம் தாங்கும். சொன்ன நேரத்தில் பாதிகூட வரவில்லையென்றால் அன்றைக்கே திருப்புங்கள். வீடியோ எடுத்து வையுங்கள்.

அந்தப் பட்டனை அமுக்காதீர்கள். யார் 'அண்ணே' என்றாலும், 'அக்கா' என்றாலும்.

ஸ்டாண்டைத் திருப்பி வோல்ட் எண்ணைப் பாருங்கள். 220–240 அல்லது 100–240 இருக்க வேண்டும். அடி மூடியில் கீறல் இருந்தால் தொடாதீர்கள். செத்த நிக்கல் பேட்டரிக்குப் பதில் அதே அளவில் இருக்கிறதென்று லித்தியத்தைப் போட்டுவிடாதீர்கள். 1.2 வோல்ட் இருந்த இடத்தில் 3.7 வோல்ட், அதை நிறுத்தத் தெரியாத சார்ஜர், தீப்பிடிக்கும்.

விற்பவனின் நிறுவனப் பதிவு எண்ணும் முகவரியும் ரசீதில் இருக்கிறதா என்று வாங்கும்முன் பாருங்கள். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் இல்லாமல் யார் மேல் போடுவது? என் ரசீதில் இருப்பது ஒரு பூனைப் படமும் கடையின் செல்லப் பெயரும்தான். 25 வெள்ளி கட்டிய வங்கிக் கணக்கில் ஒரு தனிநபர் பெயர் இருக்கிறது, அதை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

படிவம் 1 நிரப்பி வைத்தாயிற்று. கட்டணம் 5 வெள்ளி. 348.