ஹைராக்ஸ் ஆட்டத்தை அலச எது உதவும்: நேர அட்டவணையா, கைக்கடிகாரமா, காணொளியா?

ஓட்டத்தையும் வலிமைப் பயிற்சியையும் கலந்த உடற்தகுதிப் போட்டி ஹைராக்ஸ். ஜெர்மனியில் 2017-இல் தொடங்கப்பட்ட அது, 2025 மே மாதம் மும்பை வழியாக இந்தியாவுக்குள் வந்தது. அதற்கு ஆயத்தமாகிறவர்களைக் கோவை, திருப்பூர், ஈரோடு உடற்பயிற்சிக் கூடங்களில் இப்போது பார்க்க முடிகிறது. பயிற்சி எப்படி எடுப்பது என்பதைப் பற்றி இவர்கள் நிறையப் பேசுகிறார்கள். போட்டி முடிந்த பிறகு அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்ற பேச்சோ, மொத்த நேரத்தைச் சொல்லிக்கொள்வதோடு நின்றுவிடுகிறது. அலசுவதற்கு நம் கையில் இருக்கும் வழிகள் மூன்று: அமைப்பாளர்கள் தரும் நேர அட்டவணை, வீரர் அணிந்த கடிகாரத்தின் இதயத்துடிப்புப் பதிவு, நண்பர் யாராவது கைப்பேசியில் எடுத்த காணொளி. மூன்றும் ஒரே ஆட்டத்தைப் பற்றி மூன்று விதமாகப் பேசுகின்றன என்பதால், எதை முதலில் நம்புவது என்பதை முடிவுசெய்தாக வேண்டும்.

போட்டியின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கிலோமீட்டர் ஓட்டம், அதை அடுத்து ஒரு வலிமைப் பணி, இப்படி எட்டு முறை. பணிகளின் வரிசை மாறுவதில்லை: ஸ்கீ எர்க் (நின்றபடி இரு கைகளாலும் பிடிகளைக் கீழே இழுக்கும் இயந்திரம்) 1000 மீட்டர், ஸ்லெட் (எடை ஏற்றிய சறுக்குச் சட்டம்) தள்ளுதல் 50 மீட்டர், ஸ்லெட் இழுத்தல் 50 மீட்டர், பர்பியோடு (தரையில் படுத்து எழுவது) நீளம் தாண்டுதல் 80 மீட்டர், ரோயிங் (துடுப்பு வலிப்பது போன்ற இயந்திரம்) 1000 மீட்டர், இரு கைகளிலும் எடை தூக்கி நடத்தல் 200 மீட்டர், மணல் மூட்டையைத் தோளில் சுமந்து லஞ்ச் (முழங்காலை மடக்கித் தாழ்ந்து அடியெடுத்து நடப்பது) 100 மீட்டர், இறுதியாக 100 வால் பால் (எடையுள்ள பந்தோடு உட்கார்ந்து எழுந்து, சுவரின் மேலே உள்ள குறியை நோக்கி எறிவது). ஆண்கள் பொதுப் பிரிவில் தள்ள வேண்டிய ஸ்லெட்டின் எடை 152 கிலோ; பெண்கள் பொதுப் பிரிவில் 102 கிலோ.

நான் எடுத்துக்கொண்ட ஆட்டம், கோவை பீளமேட்டில் பயிற்சி எடுக்கும் நண்பர் ஒருவர் மும்பையில் ஆடியது. 60 கிலோவுக்கு உட்பட்ட உடல்வாகு, மராத்தான் ஓடிப் பழகிய கால்கள். மொத்த நேரம் 1 மணி 32 நிமிடம் 45 விநாடி. ஓட்டங்களுக்கு மட்டும் 47:05, பணிகளுக்கு 39:10, இரண்டுக்கும் இடையே நுழைந்து வெளியேறும் ராக்ஸ்ஸோன் பகுதியில் 6:30.

அட்டவணையை எடுத்தவுடன் எல்லோர் கண்ணும் வலிமைப் பணிகளின் பக்கமே ஓடுகிறது. நண்பருக்கு வால் பாலில் எட்டு நிமிடம் ஆகியிருந்தது. மற்றவர்களோடு ஒப்பிட்ட இடவரிசையில் அவர் மிகவும் பின்தங்கியது அங்கேதான். அதைப் பார்த்த அவருடைய பயிற்சி மாஸ்டர், "தோளுக்குப் பலம் பத்தலைங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். அட்டவணையை இப்படிப் படிப்பது எளிது, ஆனால் போதாது என்பது என் கருத்து. ஏனெனில் இடவரிசை உடல் எடையைக் கணக்கில் கொள்வதில்லை. 58 கிலோ எடையுள்ளவருக்கும் 90 கிலோ எடையுள்ளவருக்கும் ஸ்லெட் ஒன்றுதான். மெலிந்த ஓட்டக்காரர் அதில் பின்தங்குவதைக் குறை என்று பதிவுசெய்வதில் பயனில்லை.

அதே அட்டவணையில் ஓட்டங்களின் இடைநேரங்களை மட்டும் தனியே எழுதிப் பார்த்தால் கதை மாறுகிறது. முதல் கிலோமீட்டர் 4:50. ஸ்கீ எர்க்குக்குப் பின் 5:20. ஸ்லெட் தள்ளிய பின் 6:10, இழுத்த பின் 6:05, பர்பிக்குப் பின் 6:15, ரோயிங்குக்குப் பின் 5:55, எடை சுமந்து நடந்த பின் 5:50, லஞ்சுக்குப் பின் 6:40. இரண்டாவது ஓட்டத்தின் வேகத்தை அவர் கடைசிவரை தக்கவைத்திருந்தால், ஏறத்தாழ ஐந்து நிமிடம் மிச்சமாகியிருக்கும். வால் பாலை எட்டு நிமிடத்திலிருந்து ஆறரை நிமிடத்துக்குக் கொண்டுவந்தாலும் கிடைப்பது ஒன்றரை நிமிடமே. ஸ்லெட் தள்ளுவதில் 3:20 என்பது அவருடைய எடைக்கு மோசமில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை அந்த வரிசையில் பதிவாகவில்லை, அடுத்து வந்த ஓட்டத்தின் வரிசையில் பதிவாகியிருக்கிறது. ஒரு பணியின் நேரத்தை அதை அடுத்து வரும் ஓட்டத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ரோயிங் இதற்கு இன்னும் தெளிவான சான்று. அந்த இயந்திரத்தில் வேகத்துக்கும் திறனுக்கும் (ஒவ்வொரு விநாடியும் செலவிடும் ஆற்றல், வாட்டில்) உள்ள உறவு நேர்க்கோட்டில் அமைந்ததன்று. வேகம் கூடக்கூட, தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 1000 மீட்டரை 4:35-இல் முடிக்கச் சுமார் 135 வாட் போதும். அதையே 4:15-இல் முடிக்கச் சுமார் 169 வாட் வேண்டும். 20 விநாடி மிச்சப்படுத்த 25 விழுக்காடு கூடுதல் திறனோடு இழுக்க வேண்டும் என்பது இதன் பொருள். அப்படி இழுத்தவர் அடுத்த கிலோமீட்டரில் 20 விநாடிக்கு மேல் இழந்தால் கணக்கு நட்டத்தில் முடியும். நண்பர் ரோயிங்கை 4:35-இல் முடித்துவிட்டு, அடுத்த கிலோமீட்டரை அதற்கு முந்தையதைவிட 20 விநாடி குறைவாக ஓடியிருக்கிறார். இடவரிசையில் இது அவருடைய பலவீனம் போலத் தெரியும். நான் இதை அவருடைய புத்திசாலித்தனம் என்றே சொல்வேன்.

அட்டவணையைப் பயிற்சிக் குறிப்பேட்டோடு ஒப்பிடுகிறவர்கள் ஸ்லெட் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கோவையின் கணபதிப் பகுதிப் பட்டறைகளில் ஆங்கிள் சட்டத்தை வெல்டிங் செய்து ஸ்லெட் உருவாக்கிக்கொள்வது நம் ஊரில் பெரிய காரியமில்லை. ஆனால் அதைச் சிமெண்ட் தரையில் தள்ளுவதும், போட்டியில் கார்ப்பெட் விரித்த பாதையில் தள்ளுவதும் வேறுவேறு. எடை ஒன்றாக இருந்தாலும் உராய்வு மாறிவிடுகிறது. சிமெண்டில் பெற்ற நேரத்தை வைத்துப் போட்டி நேரத்தைக் குறை சொல்வது பொருந்தாது.

கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூரையிட்ட அரங்குக்குள் ஜிபிஎஸ் நம்பத்தக்கதாக இருப்பதில்லை என்பதால், தூரத்தையும் வேகத்தையும் அது ஊகிக்கவே செய்கிறது. மணிக்கட்டில் ஒளியால் துடிப்பை அளக்கும் கருவி, கைப்பிடியை இறுக்கும் பணிகளில் தடுமாறும். மார்புப் பட்டை இதைவிட மேல். நண்பரின் பதிவில் துடிப்பு முதல் பத்து நிமிடத்திலேயே 170-ஐத் தாண்டி, முடிவுவரை அங்கேயே நின்றது. எல்லா இடத்திலும் ஒரே எண்ணைக் காட்டும் பதிவைக் கொண்டு எந்தப் பணி அவரை முறித்தது என்று சொல்ல இயலாது. அதிலிருந்து உறுதியாக எடுக்கக்கூடிய செய்தி ஒன்றுதான்: முதல் கிலோமீட்டரை 4:50-இல் ஓடியது அவருக்கு அதிகம். மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் பதிவான துடிப்பை, கோவை ரேஸ் கோர்ஸில் விடியற்காலைக் காற்றில் ஓடிப் பெற்ற துடிப்போடு ஒப்பிடுவதும் பிழை.

காணொளியின் பயன் குறுகியது. ஆனால் அந்தக் குறுகிய எல்லைக்குள் அதற்கு இணை இல்லை. வால் பாலில் எட்டு நிமிடம் என்று அட்டவணை சொன்னதை, காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது வேறு மாதிரிப் புரிந்துகொள்ள முடிந்தது. ஒவ்வொரு எறிதலுக்கும் இரண்டே கால் விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகியிருக்கிறது. தோள் பலவீனமாக இருந்தால் இந்த வேகம் வந்திருக்காது. முதலில் பன்னிரண்டு, பிறகு பத்து, எட்டு என்று இறங்கி, பாதிக்கு மேல் ஐந்து ஐந்தாக உடைத்திருக்கிறார். ஒவ்வோர் இடைவெளியிலும் பந்தைத் தரையில் விட்டு, இடுப்பில் கை வைத்து, மேலே குறியை அண்ணாந்து பார்த்து, பிறகு குனிந்து எடுக்கிறார். எட்டு நிமிடத்தில் ஏறத்தாழ நான்கு நிமிடம் பந்து அவர் கையில் இல்லை. போதாக்குறைக்கு, முழுதாக உட்காராமல் எறிந்த ஒன்பது எறிதல்களை நடுவர் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. மாஸ்டரின் தீர்ப்பு பொருந்துமா என்று அறிய, களைப்பில்லாத ஒரு நாளில் 100 வால் பாலை மட்டும் தனியாகச் செய்து பார்க்கலாம். அப்போதும் ஏழு நிமிடத்துக்கு மேல் ஆனால் தோளையும் தொடையையும் வலுப்படுத்துவது சரி, ஐந்தரை நிமிடத்தில் முடிந்தால் குறை லஞ்சிலும் எட்டாவது ஓட்டத்திலும் இருக்கிறது.

ஆகவே என் தேர்வு அட்டவணைதான், அதுவும் ஓட்ட வரிசையிலிருந்து தொடங்கும் அட்டவணை. அதில் சந்தேகம் எழும் இரண்டு பணிகளுக்கு மட்டும் காணொளியைப் பார்த்தால் போதும். முழு ஒன்றரை மணி நேரத்தையும் படம்பிடிக்க நண்பரை அரங்கைச் சுற்றி ஓடவிட வேண்டியதில்லை. முதன்முறை கலந்துகொள்பவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டே ஓடலாம்.

இரட்டையர் பிரிவில் இந்த வரிசை தலைகீழாகிறது. அங்கே இருவரும் சேர்ந்தே ஓட வேண்டும், பணிகளை விருப்பப்படி பகிர்ந்துகொள்ளலாம். எனவே ஓட்ட நேரம் மெதுவானவருடையது, பணி நேரம் யாருடையது என்றே தெரியாது. யார் எத்தனை மீட்டர் இழுத்தார், யார் எத்தனை பந்து எறிந்தார் என்பதைக் காணொளியில் எண்ணி எழுதிய பிறகே அவர்கள் அட்டவணையைத் திறக்கலாம்.