யாழ்ப்பாணத்தில் பருக்குளிசை தேடிய கதை

யாழ்ப்பாணத்தில் முகப்பருவுக்குக் குடிக்கிற ஐசோட்ரெற்றினோயின் குளிசை கிடைக்குமா என்று ஊருக்குப் போக இருக்கிற யாராவது கேட்டால், கிடைக்கும். ஆனால் அது கைக்கு வருவதற்குள் உங்கள் பிள்ளையின் முகப்பரு அரைவாசி யாழ்ப்பாணத்துக்குத் தெரிந்துவிடும்.

மகளுக்கு வயது 19. லண்டனில் ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் எழுதிக் கொடுத்த குளிசை அது. அது இருந்த பெட்டி எங்களோடு பலாலி விமான நிலையத்தில் இறங்கவில்லை. பெட்டிக் கதை எல்லாருக்கும் நடப்பதுதான், விடுங்கள். சில நாள் விட்டால் ஒன்றும் குடிமுழுகாது என்று சொல்லிப் பார்த்தேன். பல மாதம் உதடு வெடிக்க வெடிக்கக் குடித்து, இப்போதுதான் முகம் தெளிந்து வருகிறது, அவள் கேட்பாளா?

பெரியாஸ்பத்திரிக்கு முன்னாலுள்ள பாமசிகள் மாறவே இல்லை. வரிசை என்று ஒன்று கிடையாது, முன்னுக்கு நீளுகிற கைக்குத்தான் முதல் மருந்து. நானும் கையை நீட்டி, போனில் லண்டன் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டின் படத்தைக் காட்டினேன். பெடியன் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினான்: "அண்ணை, முகப்பருவுக்குக் குடிக்கிற லண்டன் குளிசை இருக்கோ?"

நின்ற சனம் முழுக்க மகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. பிரஷர் குளிசைக்கு நின்ற ஒரு அம்மா கிட்ட வந்து, அவளின் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, "எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறையும் பிள்ளை. பயத்தம் மாவைப் பூசிக் கழுவும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். லண்டனில் பாமசிக்குள் தனியாகப் பேச ஒரு சின்ன அறை இருக்கும், கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். மகள் அதற்குப் பிறகு மாஸ்க் இல்லாமல் டவுனுக்கு வரவில்லை.

அங்கும் இல்லை, அடுத்த கடைகளிலும் இல்லை. இல்லை என்று சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. "நாளைக்குப் பின்னேரம் வந்து பாருங்கோ." "கொழும்பிலயிருந்து வரவேணும்." "கஸ்தூரியார் ரோட்டுப் பக்கம் கேட்டுப் பாத்தியளோ?" 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமல் மருந்துக்கு அல்லாடிய நேரத்தில் இந்தப் பதில்கள் நியாயம். இப்போதும் அதே பாட்டென்றால், வெயிலில் அலைகிறவனுக்கு எரிச்சல் வராதா?

ஒரு கடையில் நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. கவுண்டரில் நின்றவர் துண்டைப் பார்க்கவே இல்லை. லாச்சியிலிருந்து ஒரு ரியூப்பை எடுத்து வைத்து, "குளிசையை விடுங்கோ, இதைப் பூசுங்கோ. ரெண்டு கிழமையில முகம் பளபளக்கும்" என்றார். திருப்பிப் பார்த்தால் பெற்றாமெதசோன். ஸ்ரெறொயிட்! முதலில் பளபளக்கும்தான். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, விட்ட உடனே பரு முன்னையைவிட மோசமாகக் கிளம்பும். சின்ன வயதில் நாங்கள் வெறும் போத்தலோடு போய், அப்போதிக்கரி ஐயாவிடம் மிக்சர் வாங்கிய ஆட்கள். வேளைக்கு எவ்வளவு என்று கடதாசியை வெட்டிப் போத்தலில் ஒட்டித் தருவார். அந்தப் பக்குவம் எங்கே, இந்த ரியூப் எங்கே.

அப்புறம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னப் பாமசி. உள்ளே ஒரு நடுத்தர வயது அக்கா. படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "குளிசை இருக்கு. ஆனா தரமாட்டன்" என்றார்.

அவ்வளவு அலைச்சலில் கிடைத்த முதல் நேரான பதில்.

"பிள்ளை கலியாணம் முடிச்சவவோ?" என்று அடுத்த கேள்வி. எனக்குச் சுர்ரென்றது. அவர் என்னைக் கணக்கெடுக்காமல் மகளை மேசையின் மற்றக் கரைக்குக் கூப்பிட்டு, எனக்குக் கேட்காத குரலில் பேசினார். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது கரு தங்கினால் குழந்தை பெரிய குறைகளோடு பிறக்கலாம், நிறுத்தி ஒரு மாதம் போகும்வரை கவனம் வேண்டும். இதற்காகத்தான் லண்டனில் பெண்பிள்ளைகளுக்குப் படிவம், மாதாமாதம் பரிசோதனை. 18 வயதுக்குக் கீழே என்றால் மருத்துவத் துறை ஆட்கள் இரண்டு பேர் சம்மதித்துத்தான் மருந்தைத் தொடங்கலாம் என்று 2023 இல் விதியும் கொண்டு வந்தார்கள். அங்கே கடதாசி செய்வதை இங்கே இந்த அக்கா வாயால் செய்து முடித்துவிட்டு, "இங்கத்தை டொக்டரின்ர துண்டு கொண்டு வாங்கோ" என்று அனுப்பினார்.

சரி, தனியார் ஆஸ்பத்திரியில் தோல் டொக்டரைப் பார்க்கக் காசு கட்டி நம்பர் எடுத்தோம், ஊர்ப் பேச்சில் சனல் பண்ணினோம். நம்பரை வைத்துக்கொண்டு இருட்டும்வரை பிளாஸ்டிக் கதிரையில் இருந்ததை விவரிக்கத் தேவையில்லை, போனவர்களுக்குத் தெரியும். ஆனால் லண்டனில் ஒரு தோல் டொக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். இங்கத்தை டொக்டர் ஈரல், கொழுப்பு, கர்ப்பப் பரிசோதனை எல்லாம் எழுதினார். ரிப்போட் வட்ஸ்அப்பில் வந்தது.

துண்டோடு போனதும் பாமசி அக்கா குளிசைக் காட்டைக் கத்தரிக்கோலால் அளந்து வெட்டி, மண்ணிறக் கவரில் போட்டு, கவரின் மேல் எழுதிக்கொண்டே சொன்னார்: "வெறும் வயித்தில வேண்டாம். கொழுப்புச் சாப்பாட்டோடதான் இது உடம்பில சேரும். வெயிலுக்குக் குடை பிடியும். ரத்தம் குடுக்கப் போகாதையும்." முதற்பாலில் சொதி வைக்கிற அம்மம்மா வீட்டில் கொழுப்புக்கா பஞ்சம்?

கவர் அலுமாரிக்கு மேல் இருந்ததை அடுத்த நாளே சித்தி கண்டுவிட்டார். அவரின் மகளுக்கு ஆவணியில் கலியாணம், கன்னத்தில் நாலு பரு. "ஒரு காட் வைச்சிட்டுப் போவன், படம் எடுக்கிற நேரம் முகம் வடிவாயிருக்கும்" என்றார். கலியாணப் பொம்பிளைக்கா! மாட்டேன் என்று சொல்லி, ஏன் என்றும் விளங்கப்படுத்தி, டொக்டரிடம் நானே நம்பர் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"லண்டன்காரர் குளிசைக்கும் கணக்குப் பாப்பினம்" என்றபடி சித்தி தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.