ஒழுங்கை யாருடையது, மதகு யாருடையது: யாழ்ப்பாணத்தில் எந்தக் கந்தோர்ப் படி ஏறுவது

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மூன்று கிழமைக்குள் முடிக்க நினைக்கும் வேலைகளில் பாதி, பிழையான கந்தோரின் வாங்கில் காத்திருப்பதிலேயே போய்விடுகிறது. லண்டனில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் தொகுதி எம்.பி. இன்னார் என்று ஒரே ஒரு பெயர் வரும். ரொறன்ரோவிலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் இங்கும் "எங்கட எம்.பி. யார்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். இங்கே அந்தக் கேள்விக்கு விடையே இல்லை.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பது யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. 2024 நவம்பரில் அதற்குத் தெரிவானவர்கள் 6 பேர். ஆறு பேரும் முழு மாவட்டத்துக்கும் பொது. கோப்பாய், மானிப்பாய், வட்டுக்கோட்டை என்ற தொகுதிப் பெயர்கள் வாக்கு எண்ணும்போது வரும். அந்தப் பெயரில் தனி எம்.பி. கிடையாது. மாகாண சபை உறுப்பினரைத் தேடவும் வேண்டாம். 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, பிறகு தேர்தல் நடக்கவில்லை. மாகாணத் திணைக்களங்கள் இயங்குகின்றன. அங்கே அதிகாரிகளோடுதான் பேச வேண்டும்.

ஆகவே ஒழுங்கை, தெருவிளக்கு, குப்பை, சோலைவரி (வீடு, காணிக்கான ஆண்டு வரி), மதில் கட்டும் அனுமதி எல்லாவற்றுக்கும் முதல் வாசல் உள்ளூராட்சி சபை. யாழ் மாவட்டத்தில் 17 சபைகள்: ஒரு மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள். பிறப்பு, இறப்புப் பதிவின் பிரதி, காணி அனுமதிப் பத்திரம், நிவாரணம் போன்றவை பிரதேச செயலகத்தின் வேலை. அவை 15. பிரதேச சபை மக்கள் தெரிவு செய்வது, பிரதேச செயலகம் அரசாங்கக் கந்தோர். பெயர் ஒட்டி வருவதால் முச்சக்கர வண்டிக்காரரிடம் "பிரதேச..." என்று தொடங்கினாலே பிழையான இடத்தில் இறக்கிவிடுவார்.

வலிகாமத்தில் இந்தக் குழப்பம் அதிகம். வலிகாமம் தென்மேற்கு, சுருக்கமாக வலி தென்மேற்கு, பிரதேச செயலகம் சண்டிலிப்பாயில், பிரதேச சபை மானிப்பாயில். வலி தெற்குச் செயலகம் உடுவிலில், சபை சுன்னாகத்தில். வலி கிழக்குச் செயலகம் கோப்பாயில், சபைத் தலைமைக் கந்தோர் புத்தூரில். வடமராட்சி கிழக்குக்கு மருதங்கேணியில் செயலகம் உண்டு, ஆனால் தனிச் சபை இல்லை. பருத்தித்துறைப் பிரதேச சபைக்குள் வரும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலடி நல்லூர்ப் பிரதேச சபை அல்ல, மாநகர சபை எல்லை. எல்லைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். பழைய சோலைவரிப் பற்றுச்சீட்டின் தலைப்பில் எந்தச் சபை என்று அச்சடித்திருக்கும். அது இல்லையென்றால் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கேளுங்கள். 'ஜே' என்று தொடங்கும் கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தையும், எந்தத் தேர்தல் வட்டாரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் கையில் இருந்தால் எந்த மேசையிலும் பேச்சு வளராது.

2025 மே 6 தேர்தலில் தெரிவான சபைகளில் இரண்டு வகை உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ 60 வீதம் பேர் வட்டாரத்தில் வென்றவர்கள், மற்றவர்கள் கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பட்டியலில் வந்தவர்கள். முதலில் வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். உங்கள் ஊரில் குடியிருக்கும் பட்டியல் உறுப்பினரும் சபை அமர்வில் விடயத்தை எழுப்பலாம். ஆனால் வேலைக்கு ஆள் அனுப்புவது உறுப்பினர் அல்ல. பிரதேச சபையிலும் நகர சபையிலும் செயலாளர், மாநகர சபையில் ஆணையாளர். கடிதத்தைச் சபைத் தலைவரான தவிசாளருக்கு (மாநகர சபையென்றால் முதல்வருக்கு) முகவரியிட்டு, செயலாளருக்கும் (அல்லது ஆணையாளருக்கும்) வட்டார உறுப்பினருக்கும் பிரதி போடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் கோப்பு திறக்கப்படாது. உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள்.

எந்தக் கந்தோர் என்பதைத் தீர்மானிப்பது உடைந்த பொருள் யாருடையது என்பதுதான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. உள் வீதிகளும் ஒழுங்கைகளும் சபையுடையவை. மாரியில் வளவுக்குள் வெள்ளம் நிற்கும்போது இதுதான் தலையிடி. ஒழுங்கை ஓரத்து வாய்க்கால் சபையுடையது, அது போய் விழும் மதகு பிரதான வீதிக்குக் கீழே இருந்தால் வீதி அதிகார சபையுடையது, அதற்கு அப்பால் இருக்கும் சிறு குளம் பெரும்பாலும் கமநல சேவை நிலையத்தின் பொறுப்பு. சபை வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்கினாலும் மதகு மண்ணால் அடைத்திருந்தால் தண்ணீர் திரும்பி வரும். மழைக்கு முன், ஓகஸ்டிலேயே, தண்ணீர் போகும் வழியைக் கடைசி வரை நடந்து பார்த்து, அடைப்பு இருக்கும் இடத்தைப் படமெடுத்து, அந்த இடத்துக்குச் சொந்தமான கந்தோருக்கு எழுதுங்கள். மற்ற இரண்டுக்கும் பிரதி போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொண்டே கார்த்திகை வந்துவிடும்.

தெருவிளக்கும் இப்படித்தான். குமிழும் அதைத் தாங்கும் கையும் சபையுடையவை, கம்பமும் கம்பியும் மின் விநியோகப் பகுதியுடையவை. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் உள்ளூராட்சி சபைக்குச் சொல்லுங்கள். வரிசையாகப் பல எரியவில்லை என்றால் குறை கம்பியில் இருக்கலாம், இரு பகுதிக்கும் சொல்ல வேண்டும். கம்பம் சரிந்திருந்தால் நேரே மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987க்கு அழையுங்கள்.

ஒழுங்கைக்குத் தார் போடக் கேட்கிறவர்கள், அது சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பதிவில் இல்லாத தனியார் பாதைக்குச் சபை பணம் செலவழிக்க முடியாது. வெளிநாட்டில் எல்லோரும் சேர்த்து அனுப்பிய காசு பல இடங்களில் முடங்கிக் கிடப்பது இதனால்தான். இரு பக்கக் காணிக்காரரும் எழுத்தில் நிலம் விட்டுக்கொடுத்தால்தான் பதிவு நகரும். சபையின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் வருட முடிவுக்குள் நிறைவேற வேண்டும் என்பதால், கோரிக்கை ஓகஸ்ட், செப்ரெம்பரில் உள்ளே போவது நல்லது.

பக்கத்து மலசலகூடக் குழியால் கிணறு கெட்டால், அல்லது பற்றைக் காணியில் நுளம்பு பெருகினால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருப்பார். உங்கள் காணியே பற்றையாக இருந்தால் சபை அறிவித்தலை மதிலில் ஒட்டிவிட்டுப் போகும், கனடாவுக்கு அனுப்பாது. பனை, பலா தறிக்க வேண்டுமானால் விதானையார் வழியாகப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும்.

எம்.பி.யிடம் எப்போது போவது? இரண்டு திணைக்களங்கள் ஒன்றையொன்று காட்டும்போது, மத்திய அமைச்சு முடிவெடுக்க வேண்டியபோது, பாராளுமன்றப் பொது மனுக் குழுவுக்கு மனு போடும்போது. அந்த மனுவை எம்.பி. ஒருவர்தான் சமர்ப்பிக்க முடியும். முத்திரை குத்திய பழைய கடிதங்களோடு போனால் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அவர் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "என் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை, எந்தத் திகதியில், யாரால்?" என்று அந்தச் சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இது இலங்கைக் குடிமக்களுக்கான உரிமை. பிரித்தானியக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர், ஊரில் இருக்கும் சகோதரர் பெயரில் கேட்பிக்க வேண்டும். காணி, கட்டட விடயமென்றால் அவருக்கு அற்றோர்னித் தத்துவமும், அதாவது உங்கள் சார்பில் செயற்பட நீங்கள் எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரமும், தேவைப்படும்.

கடிதத்தின் அடியில் உங்கள் வெளிநாட்டு இலக்கத்தை மட்டும் எழுதாதீர்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடம் பார்க்க வரும்போது நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். படலைத் திறப்பு யாரிடம் இருக்கிறதோ, அவருடைய இலக்கத்தைப் போடுங்கள்.