சுரங்கத்துக்கு மேலே தரை அமிழ்வை அளக்க: முளை வரிசையா, செயற்கைக்கோளா?

லாங்வால் முறையில் (நீண்ட சுவர்போன்ற நிலக்கரி முகத்தை வெட்டிக்கொண்டே முன்னேறும் முறை) நிலக்கரி எடுக்கும் ஒரு பேனலுக்கு, அதாவது வெட்டியெடுக்கும் ஒரு செவ்வகப் பகுதிக்கு, மேலே தரை எவ்வளவு அமிழ்கிறது என்று பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது இரண்டு வழிகள் இருந்தன. தரையில் வரிசையாக முளை (அளவுக்கான கம்பி) பதித்து லெவலிங் செய்வது, அதாவது அவற்றின் உயரத்தை மீண்டும் மீண்டும் அளப்பது, ஒன்று. ரேடார் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிடும் இன்சார் இன்னொன்று. நான் முளையைத் தேர்ந்தெடுத்தேன், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இன்சாரின் வசதிகள் தெரிந்தவைதான்: பரந்த பரப்பு, ஆள் போக வேண்டாம், சென்டினல்-1 படங்கள் இலவசம். அமிழ்வுக் குழியின் வெளி ஓரத்தில், மில்லிமீட்டர் கணக்கில் மெதுவாக இறங்கும் இடத்தில் அது அருமையாக வேலை செய்யும். நடுவில்தான் சிக்கல். சென்டினல்-1 ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ., இரண்டு படங்களுக்கு இடையில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் 1.4 செ.மீ.க்கு மேல் வித்தியாசமாக இறங்கிவிட்டால் கணக்கு குழம்பிவிடும். 3 மீட்டர் தடிமனான அடுக்கை எடுத்தால் தரை ஒன்றரை மீட்டர்கூட இறங்கலாம், அதில் பெரும்பகுதி வேலைமுகம் (நிலக்கரியை வெட்டும் இடம்) கீழே கடந்துபோகும் நாட்களிலேயே நடந்துவிடும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது திரிபு, அதாவது தரை கிடைமட்டமாக நீள்வதும் சுருங்குவதும். ஒரு வீடு மொத்தமாக, ஒரே சீராக இறங்கினால் சுவர் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். குழியின் ஓரத்தில் தரை இழுபடும், நடுவில் நெருக்கப்படும், சுவரை வெடிக்க வைப்பது இந்த இழுப்பும் நெருக்கமும், கூடவே வரும் சாய்வும்தான். 30 மீட்டர் தள்ளியுள்ள இரண்டு முளைகள் 30 மி.மீ. விலகினால் மீட்டருக்கு 1 மி.மீ. திரிபு, டோட்டல் ஸ்டேஷன் (தூரமும் கோணமும் அளக்கும் கருவி) அதைச் சுலபமாகப் பிடித்துவிடும். செயற்கைக்கோளோ துருவத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கிறது, அதனால் வடக்கு தெற்காக நடக்கும் நகர்வு அதன் கண்ணில் கிட்டத்தட்ட படுவதே இல்லை. எங்கள் பேனலுக்கு மேலே இருந்த வீட்டு வரிசை வடக்கு தெற்காகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் வந்து “என் சுவர் ஏன் பிளந்தது?” என்று கேட்டால் கையில் காட்ட ஒரு எண் வேண்டும் இல்லையா?

முளைக்குப் பராமரிப்பு உண்டு, அதை மறைக்கவில்லை. ஏர் இடித்து ஒரு முளை சாய்ந்தால் அந்தப் புள்ளியின் பழைய அளவுகள் அத்தோடு அறுந்துவிடும், அதனால் இரும்புக் கம்பியை உழவு ஆழத்துக்குக் கீழே இறக்கிக் கான்கிரீட் போட்டோம். பெஞ்ச்மார்க்கை (எல்லா அளவுக்கும் ஆதாரமான நிலைப்புள்ளியை) அமிழ்வு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து இறங்கி எல்லா எண்ணையும் கெடுத்துவிடும்.

கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களின் மேல் நான் வேலை செய்ததில்லை, எங்கே குழி விழும் என்றே தெரியாத அந்த இடங்களில் இன்சார் முந்தலாம். 2025 ஜூலையில் ஏவிய நைசார் என்ற நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோளின் எல்-பேண்ட் அலை 24 செ.மீ. நீளம், பயிர் வளர்ந்த நிலத்தில் சென்டினலைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் அந்தப் படங்களை நான் இன்னும் கையாளவில்லை.

எதை எடுத்தாலும் சரி, வேலைமுகம் வருவதற்கு முன்பே முதல் அளவை இரண்டு முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.