ஃப்ரிட்ஜ் சென்சார் பழுதா? எரர் கோடை நம்புவதா, மல்டிமீட்டரை நம்புவதா?

ஃப்ரிட்ஜில் வைத்த தோசை மாவு மறுநாளே புளித்துப் பொங்கி வழிகிறது. இல்லையென்றால் நேர்மாறாக, காய்கறித் தட்டில் இருக்கும் கொத்தமல்லி உறைந்து கருத்துப்போகிறது. மெக்கானிக் வந்து சொல்லும் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: கேஸ் போய்விட்டது, போர்டு (ஃப்ரிட்ஜை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை) போய்விட்டது, சென்சார் (வெப்பநிலையை உணரும் பாகம்) போய்விட்டது. முதல் இரண்டும் ஆயிரக்கணக்கில் செலவு வைப்பவை. சென்சாரோ சில நூறு ரூபாய்ப் பொருள். அதைச் சோதித்துப் பார்க்காமலே போர்டை மாற்றிவிட்டு, பழுது அப்படியே இருக்கிறதே என்று தவிக்கும் வீடுகள் நிறைய. ஆகவே சோதனை வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்ப்போம்.

முதலில், உங்கள் ஃப்ரிட்ஜில் சென்சார் இருக்கிறதா? ஒற்றைக் கதவு, திருப்புகிற குமிழ், அதன் நடுவில் டிஃப்ராஸ்ட் (பனியை உருக்கும்) பொத்தான் என்று இருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெர்மோஸ்டாட். மெல்லிய குழாயில் அடைத்த வாயு விரிந்து சுருங்கி சுவிட்சை இயக்கும் பழைய ஏற்பாடு அது. இங்கே சொல்லப்போவது டிஜிட்டல் போர்டு உள்ள, பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுகளுக்கு மட்டும் பொருந்தும்.

அவற்றில் இருக்கும் சென்சார், என்டிசி தெர்மிஸ்டர் என்ற சின்னப் பொருள். குளிர்ந்தால் அதன் மின்தடை ஏறும், சூடானால் இறங்கும். போர்டுக்கு வெப்பநிலை நேரடியாகத் தெரியாது. இந்த மின்தடையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஃப்ரிட்ஜ் பகுதியில் ஒன்று, ஃப்ரீசரில் ஒன்று, குளிர் காயிலின் மேல் டிஃப்ராஸ்டுக்காக ஒன்று என்று பல மாடல்களில் மூன்று இருக்கும். வெளிக்காற்றைப் பார்க்க நான்காவதும் சிலவற்றில் உண்டு.

எரர் கோடு எவ்வளவு சொல்லும்?

இருப்பதிலேயே சுலபமான வழி டிஸ்ப்ளேயைப் பார்ப்பது. எல்ஜி ஃப்ரிட்ஜுகளில் இஆர் எஃப்எஸ் என்று வந்தால் ஃப்ரீசர் சென்சார், இஆர் ஆர்எஸ் என்றால் ஃப்ரிட்ஜ் பகுதி சென்சார், இஆர் டிஎஸ் என்றால் டிஃப்ராஸ்ட் சென்சார். மற்ற கம்பெனிகளுக்கு வேறு வேறு கோடுகள். கூடவே வந்த கையேட்டில் இருக்கும். கோடு வந்துவிட்டால் எந்தச் சென்சாரின் வழியில் தேடவேண்டும் என்பதாவது தெளிவாகிவிடும்.

ஆனால் கோடு வரவில்லை என்பதால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. போர்டு சாதாரணமாகப் பிடிப்பது இரண்டு பழுதுகளைத்தான்: ஒயர் அறுந்து இணைப்பே இல்லாமல் போவது, இரண்டு முனையும் ஒன்றாகி ஷார்ட் ஆவது. சென்சார் உயிரோடு இருந்துகொண்டு தப்பாக அளவு சொன்னால் போர்டு அதை அப்படியே நம்பும். அது பொய் என்று கண்டுபிடிக்க அதனிடம் வேறு ஆதாரம் இல்லை. கோடு வந்தாலும்கூட சென்சார்தான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. கனெக்டர் கழன்றிருந்தாலும், நடுவில் எலி ஒயரைக் கடித்திருந்தாலும் அதே கோடுதான் வரும்.

ஐஸ் தண்ணீரும் மல்டிமீட்டரும்

என் ஓட்டு இதற்குத்தான். மின்தடை, வோல்ட்டேஜ் போன்றவற்றை அளக்கும் கருவியான மல்டிமீட்டர், சில நூறு ரூபாய் டிஜிட்டல் வகையே போதும். ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் அளந்தால் போர்டில் இருக்கும் மற்ற பாகங்களின் மின்தடையும் சேர்ந்து தப்பான எண் வரும். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளி நிறையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் அது 0 டிகிரியில் நிற்கும். வெறும் ஐஸ் கட்டியின் மேல் சென்சாரை வைக்கக்கூடாது. ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த கட்டி 0 டிகிரிக்கு வெகு கீழே இருக்கும். சென்சாரின் தலையை மட்டும் முக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மீட்டரை 200 கிலோ ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். இரண்டு முனைகளையும் விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள், உடம்பின் மின்தடையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகையாக இருந்தால் ஐஸ் தண்ணீரில் சுமார் 28 முதல் 33 கிலோ ஓம் வரை வரும். 25 டிகிரியில் 5 கிலோ ஓம் என்றால் சுமார் 13 முதல் 16. வேறு மதிப்புள்ள சென்சார்களும் உண்டு, அதனால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் அட்டவணை கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் ஒரு நல்ல வழி இருக்கிறது. பல மாடல்களில் ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் இரண்டுக்கும் ஒரே வகைச் சென்சார்தான். இரண்டையும் ஒரே டம்ளரில் முக்கி அளந்தால் கிட்டத்தட்ட ஒரே எண் வரவேண்டும். ஒன்று மட்டும் வெகுவாக விலகி நின்றால் அதன்மேல் சந்தேகப்படலாம்.

எவ்வளவு விலகினால் பழுது? ஃப்ரிட்ஜின் வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு மின்தடை ஏறக்குறைய 5 சதவீதம் மாறும். 32 கிலோ ஓம் காட்டவேண்டிய சென்சார் 26 காட்டுகிறது என்று வையுங்கள். பெரிய வித்தியாசமாகத் தெரியாது, எரர் கோடும் வராது. ஆனால் உள்ளே நிஜமாகவே 0 டிகிரி இருக்கும்போது போர்டு அதை 4 டிகிரி என்று எண்ணும். நீங்கள் 4 வைத்திருந்தால் கொத்தமல்லி உறைவது இப்படித்தான். சென்சாரின் உறையில் ஈரம் இறங்கினால் மின்தடை குறைந்து இந்தப் பழுது வரும். கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில்லும் ஏறும். இணைப்பு அரித்துப்போனால் எதிர்ப்பக்கம்: மின்தடை கூடி, போதிய குளிர் வந்துவிட்டது என்று நினைத்து போர்டு கம்ப்ரசரைச் சீக்கிரம் நிறுத்தும், மாவு புளிக்கும்.

இன்னொன்று: மீட்டரில் மாட்டியபடியே சென்சாரைக் கையில் பொத்திச் சூடாக்கினால் எண் சீராக இறங்க வேண்டும். நடுவில் துள்ளினாலோ மறைந்து மறைந்து வந்தாலோ, ஐஸ் தண்ணீரில் சரியான எண் வந்திருந்தாலும் அதை மாற்றிவிடலாம்.

போர்டில் வோல்ட்டேஜ் பார்ப்பது

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சிலர் சென்சாரைக் கழற்றாமல், கரண்ட் ஓடும்போதே போர்டின் கனெக்டரில் வோல்ட்டேஜ் பார்ப்பார்கள். பல போர்டுகளில் சென்சாருக்கு 5 வோல்ட் சப்ளை. இணைப்பு அறுந்திருந்தால் 5க்குப் பக்கத்திலும், ஷார்ட் என்றால் 0க்குப் பக்கத்திலும் நிற்கும். சென்சார், ஒயர், கனெக்டர் மூன்றையும் ஒருசேரப் பார்த்துவிடுவதால் ஐஸ் தண்ணீர் சோதனையை விட இது முழுமையானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வீட்டில் செய்ய வேண்டாம். கம்ப்ரசரின் வேகத்தை மாற்றி ஓட்டும் இன்வெர்ட்டர் போர்டில் 230 வோல்ட்டை டிசியாக மாற்றும்போது கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கை எடுத்த பிறகும் சிறிது நேரம் இருக்கும். மீட்டர் முனை கொஞ்சம் வழுக்கினால் போர்டு போகும், ஆளுக்கும் ஆபத்து.

சோதிக்காமல் நேராக மாற்றிவிட்டால்?

சென்சார் விலை குறைவுதானே, மாற்றிப் பார்த்துவிடலாமே என்பது நியாயமான கேள்வி. அதே பார்ட் நம்பரில் கிடைத்து, எளிதாகக் கழற்றும் இடத்தில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். சிக்கல், கடையில் 'எல்லா ஃப்ரிட்ஜுக்கும் வரும்' என்று கொடுக்கும் சென்சாரில்தான். 10 கிலோ ஓம் எதிர்பார்க்கும் போர்டில் 5 கிலோ ஓம் சென்சாரை மாட்டினால், உள்ளே 4 டிகிரி இருக்கும்போது போர்டு சுமார் 18 டிகிரி என்று கணக்கிடும். கம்ப்ரசர் நிற்கவே நிற்காது. இல்லாத பழுது ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியது போலாகிவிடும்.

அப்புறம், மேலே சொன்ன எந்த வழியையும் தொடுவதற்கு முன் நிஜ வெப்பநிலையைப் பாருங்கள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டால், காலையில் 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும். ஃப்ரீசர் நன்றாக உறைய வைக்கிறது, கீழே மட்டும் குளிர் இல்லை என்றால் ஃபேனையும், ஃப்ரீசரின் பின் தட்டில் பனி மண்டியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கரண்டை நிறுத்திக் கதவைத் திறந்து ஒரு நாள் விட்டுப் பனியை உருகவிட்ட பிறகு ஒரு வாரம்போல நன்றாக வேலை செய்து, மறுபடி கெட்டால் பழுது டிஃப்ராஸ்ட் பக்கம்: ஹீட்டர், தெர்மல் ஃப்யூஸ், காயிலின் மேல் உள்ள சென்சார். ஃப்ரிட்ஜ் பகுதியில் இருக்கும் காற்றுச் சென்சாரை அதற்காக மாற்றிப் பயனில்லை. பனியைக் கத்தியால் குத்தி எடுக்கவும் வேண்டாம். இப்போதைய ஃப்ரிட்ஜுகள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ கேஸ் தீப்பிடிக்கக்கூடியது, காயில் ஓட்டையானால் ஆபத்து.

சென்சார்தான் என்று உறுதியாகி, ஒயரை வெட்டி ஒட்டுப்போட்டு மாற்ற நேர்ந்தால், ஒட்டை வெறும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றி விடவேண்டாம் என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிரில் டேப்பின் பசை விட்டுப்போய் உள்ளே ஈரம் இறங்கும், சில மாதங்களில் புதுச் சென்சாரும் பழையதைப் போலவே தப்பான அளவு சொல்லத் தொடங்கும். சால்டர் வைத்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூபை ஏற்றிச் சுருக்க வேண்டும். சென்சாரின் தலையைப் பழையது இருந்த அதே கிளிப்பில், அதே மூடிக்குள் வைக்கச் சொல்லுங்கள். குளிர்க்காற்று நேரே அடிக்கும் இடத்துக்கு நகர்ந்தால் கம்ப்ரசர் சீக்கிரமே நின்றுவிடும்.