குறட்டை விடும் கணவர், தூக்கம் வராத மனைவி: யாருடைய இதயத்துக்கு ஆபத்து?

சம்பா அறுப்பு நேரத்தில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆண்களின் தூக்கம் துண்டுதுண்டாகிவிடும். ராத்திரி கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல், பகலில் திண்ணையில் ஒரு தூக்கம். பெண்களுக்கோ இரண்டு பக்கமும் வெட்டு. பாத்திரம் கழுவிப் படுக்கப் பதினொன்று ஆகும். வேலைக்குப் போகுமுன் சோறாக்க விடியுமுன்பே எழவேண்டும்.

இதயத்துக்கு இரண்டுமே கெடுதல்தான். நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இப்படி இறங்காதவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வர வாய்ப்பு அதிகம். அமெரிக்க இதயச் சங்கம் 2022-ல் இதய நல அளவுகோல்களில் தூக்கத்தையும் சேர்த்தது: பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம்.

நடுவயதில் ஆண்களை அதிகம் பிடிப்பது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய். பெருங்குறட்டை, நடுவில் மூச்சே நின்று திணறி எழுதல். ஒவ்வொரு அடைப்பிலும் ஆக்சிஜன் குறைந்து ரத்த அழுத்தம் எகிறும். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி பயந்துபோய் அவரை டாக்டரிடம் இழுத்துப் போய்விடுவார்.

மாதவிடாய் நின்றபின் இதே நோய் பெண்களுக்கும் கூடுகிறது. ஆனால் பலருக்குக் குறட்டை பெரிதாக இருக்காது. தூக்கம் பிடிக்காது, காலையில் தலைவலி, நாள்முழுக்க அசதி. வீட்டில் அதை "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்" என்று தள்ளிவிடுகிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாரடைப்பு ஆணுக்குப் பொதுவாக முன்னதாகவே வருகிறது, உண்மைதான். ஆனால் கவனிப்பாரின்றி வளர்வது பெண்ணின் நோய். அவளுக்கு மாரடைப்பே நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், முதுகுவலி, அசதி என்று வரலாம்.

பகல் தூக்கம் ஈடுகட்டுமா? காவலுக்குப் போய் வந்தவருக்கு அரைமணி நேரம் நல்லது. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறவர்களிடம் இதய நோய் அதிகம் காணப்படுகிறது. அடியில் வேறு நோய் இருப்பதும் அதற்குக் காரணமாகலாம். பெண்ணுக்கோ அந்த அரைமணியும் வாய்ப்பதில்லை. ராத்திரிப் பாத்திரத்தை வீட்டில் வேறொருவர் கழுவினால் அவள் பத்து மணிக்கே படுக்கலாம். மாத்திரையைவிட இதை முதலில் செய்யச் சொல்வேன்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் கணவருடைய குறட்டையைச் சொல்லும்போதே உங்கள் தூக்கத்தையும் காலைத் தலைவலியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.