புதிய மானிட்டரில் படம் வராவிட்டால், கணினியைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு கடையில் புதியது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட 24 அங்குல மானிட்டர், உண்மையில் பல ஆண்டுகளுக்கு முன்பு தயாராகி, வேறு எங்கோ உழைத்து ஓய்ந்து, துடைத்து மெருகேற்றப்பட்டு, புதிய பெட்டிக்குள் வைக்கப்பட்ட ஒன்று. அதில் படம் வராதபோது அந்தக் கடையினர் பழியை என் கணினியின் மேல் போட்டார்கள். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். வந்து பார்த்ததற்குத் தனியாகக் கட்டணமும் வாங்கினார்கள். கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்காக முதன்முறையாகக் கணினி வாங்கும் பெற்றோர் பலர் இதே முறையில் ஏமாற்றப்படக்கூடும் என்ற கவலையால், நடந்தவற்றை விவரமாக எழுதுகிறேன்.

அந்தத் தெருவில் நேர்மையாக வணிகம் செய்பவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அலுவலகங்களில் கழித்துக்கட்டிய மானிட்டர்களைச் சரிபார்த்து, பழையது என்று வெளிப்படையாகச் சொல்லி, குறைந்த விலைக்கு விற்பவர்களும் அங்கே உண்டு. கையில் பணம் குறைவாக உள்ள மாணவர்களுக்கு அது பெரிய உதவி. பழைய பொருளை விற்பது தவறே அல்ல. அதைப் புதியது என்று சொல்லி, புதியதன் விலைக்கு விற்பதே மோசடி.

நான் கொடுத்த விலை எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். பெட்டியைப் பிரித்து, இயக்கிக் காட்டும்படி கடையிலேயே கேட்டேன். "பெட்டியைப் பிரித்தால் கம்பெனி வாரண்டி போய்விடும் சார், வீட்டில் போய்ப் போட்டுப் பாருங்கள், எதுவானாலும் நாங்கள் இருக்கிறோம்" என்றார் விற்பனையாளர். இது பொய். பெட்டியைத் திறந்து பார்ப்பதால் எந்த மானிட்டரின் வாரண்டியும் போய்விடாது. பின்புற மூடியைக் கழற்றினால்தான் அந்தப் பேச்சு எழும். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சமாகும் என்றும் ஆசை காட்டினார்கள். நான் பில் கேட்டு வாங்கினேன். ஆனால் அதில் "24 இன்ச் மானிட்டர் - 1" என்று மட்டுமே இருந்தது. சீரியல் எண்ணை எழுதச் சொன்னபோது, அது பெட்டியிலேயே இருக்கிறது என்று கூறி மறுத்துவிட்டார்கள். அதனால் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளை அங்கேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பின்னால் எனக்கு மிகவும் பயன்பட்ட சான்று அந்தப் படம்தான்.

வீட்டில் இணைத்து இயக்கியதும், நிறுவனத்தின் சின்னம் சில நொடிகள் தோன்றியது. பிறகு "நோ சிக்னல்" என்ற வாசகம் வந்தது. அடுத்து திரை இருண்டு, பொத்தானில் இருந்த விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. கணினியோ வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் பலர் பதறிப்போய்க் கடைக்கு அலைபேசியில் அழைத்து, அவர்கள் சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. சின்னம் தோன்றுவது கணினியின் வேலை அல்ல; மானிட்டரின் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே அதைக் காட்டுகிறது. ஆகவே சின்னம் தெரிந்தால் திரையும், அதன் பின்னுள்ள விளக்கும், மின்சாரமும் சரியாக இருக்கின்றன என்று பொருள். சின்னமே தெரியாமல் பொத்தான் விளக்கு மட்டும் எரிந்தால், அறையை இருட்டாக்கி, கைப்பேசியின் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ உருவமோ தெரிந்தால், படம் வருகிறது, பின்விளக்குதான் எரியவில்லை. "நோ சிக்னல்" என்று வந்தால், மானிட்டரின் மெனுவுக்குள் சென்று, உள்ளீட்டைத் தானாகத் தேர்ந்தெடுக்கும்படி விடாமல், கேபிள் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறதோ அதையே நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் கேபிள், படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. வகை. அதைத் தேர்ந்தெடுத்த பிறகும் படம் வரவில்லை.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அதே கேபிளால் அதே கணினியை வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்தேன். படம் தெளிவாக வந்தது. எனவே கணினியும் சரி, கேபிளும் சரி. பிறகு அதே கேபிளால் தம்பியின் மடிக்கணினியைப் புதிய மானிட்டருடன் இணைத்தேன்; மீண்டும் இருட்டு. இரண்டு வெவ்வேறு கணினிகளுக்கும் படம் காட்டாத மானிட்டரில்தான் பழுது இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இவை அனைத்தையும் இடையில் வெட்டாமல் ஒரே காணொளியாகப் பதிவு செய்துகொண்டேன்.

எச்.டி.எம்.ஐ. செருகியில் 19 முனைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வழியாகத்தான், தான் இணைக்கப்பட்டிருக்கும் செய்தியை மானிட்டர் கணினிக்குத் தெரிவிக்கிறது. வேறு இரண்டின் வழியாகத் தன்னைப் பற்றிய விவரங்களை அனுப்புகிறது. இணைப்பைத் தெரிவிக்கும் அந்த முனை வேலை செய்யாவிட்டால், எதிரே மானிட்டர் இருப்பதே கணினிக்குத் தெரியாது. அதனால் படத்தையும் அனுப்பாது. என் மடிக்கணினிச் சோதனையில், திரை அமைப்புகளில் இரண்டாவது திரை ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. பழுது அந்தத் துளையிலோ அதன் பின்னுள்ள சர்க்யூட்டிலோ இருந்தது.

எல்லா நேரமும் மானிட்டர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. திரைக்குப் படத்தை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டைத் தனியாகப் பொருத்திய கணினியில் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகினால் பெரும்பாலும் படம் வராது. கார்டில் உள்ள துளையில்தான் செருக வேண்டும். கணினியின் மூளையான பிராசசர் இன்டெல் நிறுவனத்துடையதாக இருந்து, அதன் பெயர் எண்ணை அடுத்து 'எஃப்' என்ற எழுத்தோடு முடிந்தால், அதற்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் எந்த மானிட்டரும் ஒளிராது. ஒரு முனையில் டிஸ்பிளே போர்ட் என்ற வேறு வகை இணைப்பும் மறுமுனையில் எச்.டி.எம்.ஐ.யும் கொண்ட விலை குறைந்த கேபிள்கள், கணினியின் டிஸ்பிளே போர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்.டி.எம்.ஐ.க்கு மட்டுமே படத்தைக் கொண்டு செல்லும். திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. அதைச் சொல்லாமலே பல கடைகளில் விற்கிறார்கள். கணினியின் மின்விசிறி சுற்றியும் எந்தத் திரையிலும் எதுவும் வரவில்லை என்றால், கணினியின் நினைவகமான ரேமைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்திப் பார்க்க வேண்டும். நல்ல கடைக்காரர் இவற்றையெல்லாம் அலைபேசியிலேயே பொறுமையாகக் கேட்பார்.

எனக்கு விற்றவர் எதையும் கேட்கவில்லை. "உங்கள் மதர்போர்டில் எச்.டி.எம்.ஐ. போயிருக்கும் சார்" என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். கடையிலிருந்து அனுப்பப்பட்ட பணியாளர் மானிட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கணினியின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொன்னார். அவர் கண் முன்னாலேயே கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்துக் காட்டினேன். சிக்னல் பலவீனமாக இருந்தாலும் தொலைக்காட்சி ஏற்றுக்கொள்ளும், மானிட்டருக்குப் பலமான சிக்னல் வேண்டும் என்று ஒரு விளக்கம் தந்தார். அப்படி ஒரு வேறுபாடு கிடையாது. மதர்போர்டுக்கு ஆறாயிரம் ரூபாய் ஆகும் என்றும், கணினியைக் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்றும் சொன்னார். நான் கொடுக்கவில்லை. வந்து பார்த்த கட்டணமாக ஐந்நூறு ரூபாய் கேட்டபோது, அதைக் கடையின் யு.பி.ஐ. கணக்கிலேயே செலுத்தினேன், ரசீது தர மறுத்தாலும் அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பழுது மானிட்டரில் இருப்பதாக உங்கள் சோதனையில் தெரிந்த பிறகு, கணினியை யாரிடமும் கழற்றிக் கொடுக்காதீர்கள். கடைக்குள் போன கணினியில் எது எப்போது கெட்டது என்பதை அதன்பின் உங்களால் மெய்ப்பிக்க முடியாது.

அவர்களின் அடுத்த வாதம் இன்னும் தந்திரமானது. என் கணினியில் பழைய வி.ஜி.ஏ. இணைப்பும் இருந்தது, அதன் வழியாக இணைத்தால் புதிய மானிட்டரில் படம் வந்தது. உடனே, "படம்தான் வருகிறதே சார், பிறகு மானிட்டரில் என்ன குறை?" என்று கேட்டார்கள். இரண்டு உள்ளீடுகள் உள்ள பொருளுக்கு விலை வாங்கிவிட்டு, ஒன்று வேலை செய்தால் போதும் என்று சொல்ல எந்த விற்பனையாளருக்கும் உரிமை இல்லை. அதிலும் வி.ஜி.ஏ. அனலாக் முறையில் இயங்குவதால், சிறு எழுத்துகளின் விளிம்பு சற்றுக் கலங்கித் தெரியும். நாள் முழுதும் கணக்கு வேலை பார்க்கும் எனக்கு அது கண்ணை உறுத்தியது.

ஆனால் அந்த வி.ஜி.ஏ. இணைப்புதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. ஒவ்வொரு மானிட்டரின் உள்ளேயும் 'எடிட்' (EDID) எனப்படும், குறைந்தது 128 பைட் அளவுள்ள ஒரு சிறு குறிப்பு பதிந்திருக்கும். தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்றெழுத்து, மாடல், தயாரான வாரம், ஆண்டு ஆகியவை அதில் இருக்கும். பல மானிட்டர்களில் சீரியல் எண்ணும் இருக்கும். கணினியுடன் இணைத்ததும் அது தானாகவே படிக்கப்படுகிறது. அதைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள்கள் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் உண்டு. என் மானிட்டரின் குறிப்பில் இருந்த ஆண்டு 2018. பெட்டியின் தாளில் அச்சிட்டிருந்த ஆண்டு 2024. மாடல் பெயரும் வேறு, சீரியல் எண்ணும் வேறு. சில நிறுவனங்கள் இந்தக் குறிப்பில் சீரியல் எண்ணை நிரப்பாமல் விடுவதுண்டு. தயாரான ஆண்டுக்குப் பதிலாக மாடல் வெளியான ஆண்டை எழுதுவதும் உண்டு. எனவே ஆண்டை மட்டும் பார்த்து ஒருவரைக் குற்றம் சாட்டக் கூடாது. மூன்றும் முரண்பட்டதால்தான் என் ஐயம் வலுத்தது.

பெட்டியின் படத்தையும் மானிட்டரையும் எடுத்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வச் சேவை மையத்துக்குச் சென்றேன். பெட்டியில் உள்ள எண் வேறொரு மானிட்டருக்கு உரியது என்றும், இதன் உள்ளே உள்ள எண்ணுக்கான வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது என்றும், பின்மூடி ஏற்கெனவே திறக்கப்பட்ட அடையாளம் இருக்கிறது என்றும் சோதித்துச் சொன்னார்கள். அவற்றை எழுத்தில் கேட்டேன், தயங்காமல் கொடுத்தார்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த வகை வணிகத்தை நேரடியாகவே பேசுகிறது. பழைய, புதுப்பிக்கப்பட்ட பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவதை அதன் 2(47)ஆம் பிரிவு நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அதே பிரிவில் அடங்கும். பில்லில் கால வரம்பு எழுதப்பட்டிருந்தால் அதற்குள்ளும், எழுதப்படாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் திரும்பப் பெற வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று சுவரில் ஒட்டிவைத்திருக்கும் பலகை இந்தக் கடமையை நீக்கிவிடாது. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம் என்பதால், வெளியூரிலிருந்து வந்து சென்னையில் வாங்கியவர்களும் திரும்பத் திரும்பப் பயணம் செய்ய வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். பின்னர் பில், பெட்டித் தாளின் படம், உள்ளே பதிந்திருந்த விவரங்களின் அச்சுப்படி, சேவை மையத்தின் கடிதம் ஆகியவற்றின் நகல்களுடன், பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டு ஒப்புகை அட்டையுடன் கடைக்குக் கடிதம் அனுப்பினேன். அதுவரை என் அழைப்பை எடுக்காதவர்கள் தாங்களே அழைத்தார்கள். வேறொரு மானிட்டர் தருவதாகச் சொன்னார்கள். அதுவும் எப்படிப்பட்டது என்று தெரியாததால் மறுத்துவிட்டேன். பிறகு பணத்தைத் தருவதாகவும், பொருளில் எந்தக் குறையும் இல்லை, என் விருப்பத்தின் பேரிலேயே திருப்பித் தருகிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்டார்கள். அதற்கு நான் உடன்படவில்லை. இப்படிப்பட்ட தாளில் நீங்களும் கையெழுத்திடாதீர்கள். அடுத்து புகார் கொடுக்க வருபவரின் வாயை அடைக்க அதுவே அவர்களுக்குப் பயன்படும்.

கடைசியில் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை என் வங்கிக் கணக்கில் செலுத்தினார்கள். மானிட்டரை ஒப்படைத்ததற்கு, உள்ளே பதிந்திருந்த சீரியல் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் ஒப்புகை பெற்றுக்கொண்டேன். அதே மானிட்டர் மீண்டும் வேறொரு பெட்டியில் விற்பனைக்கு வந்தால் அடையாளம் காண்பதற்கு அந்த எண் உதவும். பணியாளர் வந்து பார்த்ததற்கு வாங்கிய ஐந்நூறு ரூபாயை மட்டும் இன்னும் தரவில்லை. பழையதைப் புதியது என்று விற்றதற்கான இழப்பீட்டையும் சேர்த்து மாவட்ட ஆணையத்தில் கேட்பதற்கு மனுவைத் தயாரித்து வருகிறேன்.